மலைவீட்டுச் சுவரில் ஓதம்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டு வேலை எடுத்துச் செய்கிறவர்களுக்கு ஆடியும் ஐப்பசியும் வந்தால் ஒரே மாதிரி போன்தான் வரும். "சுவரெல்லாம் ஓதமா இருக்குங்க, எந்த வாட்டர்புரூஃப் பெயின்ட் நல்லதுங்க?" பெயின்ட் பேச்சைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வருகிறதா, கீழிருந்து ஏறுகிறதா, வீட்டுக்குள் நாமே உண்டாக்கியதா என்று தெரியாமல் அடிக்கிற எந்தப் பூச்சும் அடுத்த மழைக்கே தோலுரிந்துவிடும்.

உங்கள் வீட்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். செலவில்லாத காரணம் முதலில், பணத்தைக் கரைப்பது கடைசியில் என்று எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால்: ஈரம் சுவிட்ச் போர்டை ஒட்டி வந்திருந்தாலோ, மழை பிடித்தால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரன்டை வெட்டும் சுவிட்ச்) தானாக விழுந்தாலோ, மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கொத்தனார் அப்புறம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இவை

எந்த மாதம், எந்தத் திசை? கூடலூர், தேவாலா, நடுவட்டம் பக்கம் தென்மேற்கு மழைதான் அடித்து ஊற்றும். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு மழை பெரிது. ஊட்டி இரண்டிலும் நனையும். ஆடியில் மேற்குச் சுவர் மட்டும் நனைகிறது, அல்லது ஐப்பசி கார்த்திகையில் கிழக்குச் சுவர் மட்டும் நனைகிறது என்றால் காற்றோடு வரும் சாரல் என்று எடுத்துக்கொள்ளலாம். மாசியில், வானம் வெளுத்துக் கிடக்கும்போதும் அதே இடம் ஈரமாக இருந்தால் மழைமேல் பழி போட முடியாது. குழாய், கழிவுநீர்த் தொட்டி, கீழே மண்ணிலிருந்து ஏறும் ஈரம், அல்லது வீட்டுக்குள் இருக்கும் காற்று, இந்த நான்கில் ஒன்று.

ஃபாயில் சோதனை. சமையலறை அலுமினிய ஃபாயிலை ஓரடிக்கு ஓரடி வெட்டுங்கள். ஈரச் சுவரில் அந்த இடத்தை மட்டும் துணியால் ஒற்றிக் காயவிட்டு, நான்கு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். ஃபாயிலின் அறைப்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். பிரித்துப் பார்த்தால் உள்பக்கம், சுவரைத் தொடும் முகம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் நனைந்த வீடுகளும் உண்டு. அங்கே சுவரை முதலில் கவனியுங்கள். டேப் நிற்காத அளவுக்குச் சுவர் சொதசொதவென்று இருந்தால் இந்தச் சோதனையே தேவையில்லை.

வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பா, பூஞ்சணமா? பஞ்சு மாதிரி இருப்பதால் பலரும் குழம்புவார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து காணாமல் போகும். பூஞ்சணம் கரையாது, விரலில் வழுவழுவென்று இழுபடும். உப்பு என்றால் சுவர் வழியே தண்ணீர் நடமாடுகிறது. பூஞ்சணம் என்றால் மேற்பரப்பு ஈரமாக இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

சுவர் எதனால் கட்டியது? பூச்சு உதிர்ந்த இடத்தில் ஆணியால் சுரண்டிப் பாருங்கள். சாந்து விரலில் பொடியாக வந்தால் சுண்ணாம்போ மண்ணோ. பழைய பங்களா, எஸ்டேட் லைன் வீடு, ஹட்டியின் (படகர் ஊரின்) பழைய வரிசை வீடுகளில் பெரும்பாலும் இதுதான். ஆணி வழுக்கினால் சிமென்ட். இதை ஏன் கேட்கிறேன் என்பது அடிச்சுவர் பகுதியில் புரியும்.

## மூலையிலும் பீரோவுக்குப் பின்னாலும் கருப்புப் பூஞ்சணம்

பீரோவை நகர்த்தினால் அதன் உருவம் அப்படியே சுவரில் கருப்பாக அச்சடித்திருக்கும். சுற்றிலும் சுவர் சுத்தமாக இருக்கும். அல்லது இரண்டு வெளிச்சுவரும் தளமும் கூடும் மேல் மூலையில், கான்கிரீட் பீம் ஓடும் கோட்டில் புள்ளி புள்ளியாக ஆரம்பிக்கும். இதை மழை ஒழுக்கு என்று நினைத்து மொட்டைமாடியில் பணம் கொட்டியவர்கள் நிறையப் பேர்.

அறை 18 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் என்று வையுங்கள். அப்போது 13.5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். பூஞ்சணத்துக்கு நீர் படியக்கூட வேண்டாம். சுவரை ஒட்டிய காற்றில் 80 சதவீத ஈரம் நாள்கணக்கில் நின்றாலே போதும். பனிக்கால இரவில் ஊட்டி வீட்டின் வெளிமூலை அந்த அளவுக்குச் சாதாரணமாகக் குளிர்ந்துவிடும். பீரோ மறைத்த சுவருக்கு அறைச் சூடும் போகாது, காற்றும் போகாது.

### காசு செலவில்லாமல்

பீரோ, கட்டில் தலைமாடு, புத்தக அலமாரி எல்லாவற்றையும் வெளிச்சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி வையுங்கள். இடம் இருந்தால் உள்சுவருக்கே மாற்றிவிடுங்கள். இது ஒன்றிலேயே முடிந்துபோன வீடுகள் உண்டு.

பிறகு வீட்டுக்குள் தண்ணீர் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். ஒரு மெஷின் துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயவைத்தால் இரண்டு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் காற்றில் ஏறும். நான்கு பேர் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கினால் மூச்சிலேயே ஒரு லிட்டருக்கு மேல் போகும். கேஸ் அடுப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது, 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது 22 லிட்டர் தண்ணீரைச் சமையலறைக் காற்றில் விட்டிருக்கும். கொதிக்கிற குழம்பின் ஆவி இதில் சேராது.

ஆகவே சமைக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். குளித்து முடித்ததும் குளியலறைக் கதவை வீட்டுப்பக்கம் சாத்தி, வெளி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். "வெளியே மூடுபனி, திறந்தால் ஈரம் உள்ளே வராதா?" என்று கேட்பார்கள். வெளியே 10 டிகிரியில் முழு ஈரத்தோடு இருக்கும் காற்று உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குப் பக்கம் இறங்கிவிடும். குளிர்காலத்தில், ஆள் புழங்கி, அடுப்பெரிந்து, கொஞ்சமாவது சூடு இருக்கும் வீட்டில் பத்து நிமிடம் திறந்து மூடுவது லாபம்தான். வெளியே இருக்கும் அதே குளிர் உள்ளேயும் இருக்கும் வீட்டில் இது பலிக்காது.

### கொஞ்சம் செலவு

குளியலறைக்கும் சமையலறைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன். அதற்கு முன், மேலே இருக்கும் வென்டிலேட்டரை யாராவது பேப்பர் திணித்து அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். குளிருக்குப் பயந்து அடைப்பது மலையில் பழக்கம்.

ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அறைக்குள் 60க்குள் நின்றால் நிம்மதி. 75ஐத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் பூஞ்சணம் வரும், சுவர் எவ்வளவு புதிதாக இருந்தாலும்.

ஹீட்டர் என்றால் கரன்ட் ஹீட்டர். குழாய் வழியாகப் புகையை வெளியே விடாத கேஸ் ஹீட்டரும் மண்ணெண்ணெய் ஹீட்டரும் சூட்டோடு தண்ணீரையும் அறைக்குள் சேர்க்கும். கரி அடுப்பை மூட்டி அறைக்குள் வைத்துத் தூங்குவது கூடவே கூடாது. கதவைச் சாத்திய அறையில் கார்பன் மோனாக்சைடு நிறமும் வாடையும் இல்லாமல் சேரும். அப்படி உயிர் போன செய்திகள் ஊட்டியிலிருந்தும் வந்திருக்கின்றன, கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கின்றன.

ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் வாங்குவதாக இருந்தால் வகையைக் கேட்டு வாங்குங்கள். கம்ப்ரஸர் வைத்த வகை 15 டிகிரிக்குக் கீழே தடுமாறும், காயிலில் பனி கட்டிக்கொள்ளும். குளிர்ந்த அறைக்கு, ஈரம் உறிஞ்சும் ரசாயனம் வைத்த டெசிகன்ட் வகைதான் சரி. ஊட்டிக்கு இது பெரிய வித்தியாசம். கூடலூருக்கு எதுவானாலும் ஓடும்.

### இருக்கிற பூஞ்சணத்தை எடுப்பது

காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், தூள் வீடு முழுக்கப் பறக்கும். மாஸ்க் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவிடுங்கள். டைல்ஸ் என்றால் பிளீச்சிங் கரைசல் போடலாம். அதோடு ஆசிடையோ கழிவறை லிக்விடையோ கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். வீட்டில் ஆஸ்துமாக்காரர்கள் இருந்தால் அன்றைக்கு அவர்களை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சுவர் காயாமல் மேலே பெயின்ட் அடித்தால் ஒரு சீசன்கூடத் தாங்காது.

### ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்

பூஞ்சணம் மூன்றடிக்கு மூன்றடியைத் தாண்டிப் பரவியிருந்தால், அல்லது மேலே சொன்னது எல்லாம் செய்தும் மீட்டர் இறங்கவில்லை என்றால். அடுத்த வேலை குளிர்காப்பு. அதைச் சுவரின் வெளிப்பக்கம் செய்வதே நல்லது. உள்ளே தெர்மாகோலை ஒட்டி மேலே பலகை அடிப்பது மலிவு, ஆனால் ஓரங்கள் காற்றுப் புகாமல் அடைபடவில்லை என்றால் பூஞ்சணம் பலகைக்குப் பின்னால் குடியேறும். கண்ணுக்குத் தெரியாமல் வளர்வதற்குத் தெரிந்து வளர்வதே மேல்.

இன்னொன்று. கனடா, நார்வே வீடியோக்களைப் பார்த்து உள்சுவருக்கு பாலித்தீன் ஷீட் போடச் சொல்கிறவர்கள் வருவார்கள். அங்கே மாதக்கணக்கில் வெளியே உறைபனி, உள்ளே ஓயாத ஹீட்டர். ஈரம் உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் போகும். நம் வீட்டில் ஹீட்டர் இரண்டு மணி நேரம் ஓடும், மறுநாள் மழை சுவரை வெளியிலிருந்து நனைக்கும். இங்கே அந்த ஷீட் ஈரத்தைச் சுவருக்குள்ளேயே பூட்டி வைக்கும்.

## காலையில் ஜன்னல் கண்ணாடி வழிகிறது

மேலே சொன்ன அதே காரணம், கண்ணாடியில் முதலில் தெரிகிறது, அவ்வளவுதான். துடைத்துத் துணியை வெளியே பிழியுங்கள். மரச் சட்டத்தின் கீழ்க்கட்டையில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், உளுப்பது அங்கேதான். இரட்டைக் கண்ணாடி போட்டால் குறையும்; ஆனால் கண்ணாடியை மாற்றிவிட்டுக் காற்றோட்டத்தையும் அடைத்தால் அந்த ஈரம் அடுத்த குளிர்ந்த இடமான சுவர் மூலைக்குப் போகும்.

## மழையே இல்லை, தகரக் கூரை சொட்டுகிறது

டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் வரும் போன். இரவு வானம் தெளிவாக இருந்தால் தகரம் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். உள்ளே ஏறும் ஆவி அதன் அடியில் படிந்து சொட்டும். மழையில் ஒழுகினால் ஓரிரு இடத்தில் சொட்டும். இது கூரை முழுக்க, முக்கியமாகச் சமையலறைக்கு மேலே சொட்டும்.

முதலில் ஆவியைக் குறையுங்கள். அடுத்து தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவே காற்று ஓட வழி: விளிம்பில் வலை வைத்த திறப்பு, முகட்டில் ஒரு திறப்பு. சீலிங்கே இல்லை என்றால் சீலிங் போடும்போது அதன்மேல் குளிர்காப்பு விரித்து, அதற்கும் தகரத்துக்கும் இடையே இரண்டு அங்குலமாவது விடச் சொல்லுங்கள். தகரத்தோடு ஒட்டித் தெர்மாகோல் வைத்தால் இணைப்பு வழியே ஆவி ஏறி, சொட்டுவது தொடரும்.

மழையில் சொட்டினால் கதை வேறு. ஆணி, போல்ட்டின் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருக்கும். வாஷரை மாற்றினாலே பாதி ஒழுக்கு நிற்கும். பாசி பிடித்த தகரத்தில் நீங்களே ஏறாதீர்கள். பலகை போட்டு ஏறத் தெரிந்த ஆளை விடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதன்மேல் கால் வைக்கவும் கூடாது, அறுக்கவும் துளைக்கவும் கூடாது.

## மழை பெய்தால் மட்டும் நனையும் சுவர்

மழை தொடங்கிச் சில மணி நேரத்தில் ஈரம் தெரிந்து, வெயில் வந்தால் மங்குகிறதா? அப்படியானால் இந்தப் பகுதி. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரிகிறது, மழை விட்டும் போகவில்லை என்றால் மேட்டுப் பக்கச் சுவர் பகுதிக்குப் போங்கள்.

### சுவரின் மேல் ஓரம், ஓட்டுக் கூரை வீடு

குடை பிடித்துக்கொண்டு மழையில் வெளியே நின்று பாருங்கள். இதைவிட நல்ல சோதனை கிடையாது. கூரை விளிம்பில் தண்ணீர் பிடிக்கும் தகரம் நிரம்பிச் சுவர்ப்பக்கம் வழிகிறதா? சில்வர் ஓக் இலையும் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையும் பட்டையும் சேர்ந்து அடைத்திருக்கும். மே கடைசியில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை வாரிவிட வேண்டும். மரத்தடி வீடு என்றால் மாதாமாதம்.

அடுத்தது ஓடு. குரங்கு நடமாட்டம் உள்ள இடத்தில் உடைந்ததைவிட நகர்ந்த ஓடுதான் அதிகம். பகலில் சீலிங் மேலே தலையை நீட்டி, விளக்கை அணைத்துப் பார்த்தால் வெளிச்சம் வரும் ஓட்டைகள் தெரியும். முகட்டு ஓட்டின் சாந்து வெடிப்பு, இரண்டு சரிவு கூடும் பள்ளத்தில் துருப்பிடித்த தகரம், இவை அதற்கடுத்த செலவு. வரிசை வீடுகளில் பொதுச்சுவர் நனைந்தால் பக்கத்து வீட்டுக் கூரையையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் பக்கம் மட்டும் பூசி எந்தப் பயனும் இல்லை.

### புகைபோக்கி இருக்கும் சுவர்

கணப்பைப் பயன்படுத்தாமல் விட்டிருந்தால் மேலிருந்து மழை நேராக இறங்கும். சுவரில் பழுப்பு நிறத்தில் தார் மாதிரிக் கறை படியும்; பழைய புகைக்கரியின் உப்பு ஈரத்தை இழுப்பதால் அந்தக் கறை பெயின்டைத் துளைத்துத் திரும்பத் திரும்ப வரும். மேலே காற்று போகும்படி தொப்பி வைத்து, கீழே கணப்பின் வாயில் ஒரு ஜாலி விடுங்கள். மேலும் கீழும் செங்கல் வைத்து அடைத்தால் உள்ளே ஈரம் நிற்கும். புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்துத் தகரமும் சந்தேகத்துக்குரியது.

### ஜன்னலுக்குக் கீழே

வெளியே ஜன்னல் அடிக்கட்டை வெளிச்சரிவாக இருக்கிறதா, உள்சரிவாகவா? ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் தெரியும். சன்ஷேடின் அடிவிளிம்பில் விரல் அகலக் காடி இல்லையென்றால் தண்ணீர் அடியோடு ஊர்ந்து சுவருக்கு வரும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட் வைத்து அடைப்பது சின்ன வேலை.

### சுவர் நடுவில், பரவலாக

சாரல் அடிக்கும் திசையில் வெளிப்பூச்சு வெடித்திருக்கும். மயிரிழை வெடிப்புகூடப் போதும், காற்று தள்ளும்போது தண்ணீர் நுழையும். ஹாலோ பிளாக் சுவர் என்றால் இன்னும் எளிது. வெளியில் வெடிப்பை வெட்டி அடைத்து, இரண்டு பூச்சு பூசி, ஆவி வெளியேற விடும் எக்ஸ்டீரியர் பெயின்ட் அடியுங்கள். வேலை வெளிப்பக்கம் நடக்க வேண்டும். உள்பக்கம் எபாக்ஸி அடிப்பது கறையை மறைக்கும், தண்ணீரை நிறுத்தாது.

### கான்கிரீட் தளம்

கைப்பிடிச் சுவரின் தலையும் அடியும், தண்ணீர் இறங்கும் குழாயின் வாயும் முதலில். அதன்பின் தளத்தின் சரிவு. குழாய் வாயை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீர் ஒரு நாள் நிறுத்திப் பார்க்கும் சோதனையை வறண்ட மாதத்தில் செய்யுங்கள். தளத்தின் அடியில் கம்பி ஓடும் கோட்டில் துருக்கறை, சிமென்ட் சில்லு விழுவது தெரிந்தால் அது ஓதப் பிரச்சினையைத் தாண்டிவிட்டது, கட்டமைப்புப் பொறியாளர் வர வேண்டும்.

## அடிச்சுவர்: உப்பு பூத்து, பூச்சு உதிர்கிறது

தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்துக்கு ஒரே பட்டையாக, மேல்விளிம்பில் அலை அலையாக உப்புக் கோடு. வருடம் முழுக்க இருக்கும், மழையில் கொஞ்சம் ஏறும்.

வெளியே போய்ப் பாருங்கள். பூந்தொட்டி, மண் மேடு, புதிதாகப் போட்ட சிமென்ட் தரை ஏதாவது வீட்டுத் தரைமட்டத்தைவிட உயரமாக வந்துவிட்டதா? அடித்தளத்தில் ஓதத்தடுப்பு அடுக்கு போட்டிருந்தாலும், அதற்கு மேலே மண் ஏறினால் பயனில்லை. மண்ணை இழுத்து, வீட்டுத் தரைக்கு ஆறு அங்குலம் கீழே கொண்டுவாருங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுந்து தெறிக்கிறதா? அதற்கு ஜல்லி விரிக்கலாம், அல்லது வாய்க்காலைத் தள்ளி வெட்டலாம். குழாய்க் கசிவா என்று பார்க்க, இரவு எல்லாக் குழாயையும் மூடி, மீட்டரையோ தொட்டி மட்டத்தையோ குறித்து, காலையில் பாருங்கள்.

இவை சரியாக இருந்தும் ஈரம் ஏறினால் பழைய வீட்டில் பெரும்பாலும் சிமென்ட்தான் குற்றவாளி. மண், சுண்ணாம்புச் சாந்துச் சுவர் தன் ஈரத்தைப் பூச்சு வழியாக வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். "நாலடிக்குச் சிமென்ட் பூசுங்க" என்றால் அடுத்த வருடம் ஐந்தடியில் கறை வரும். சிமென்டைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும் செய்வதுதான் வழி. காய்வதற்குக் கட்டட வேலையில் சொல்லும் கணக்கு அங்குலத்துக்கு ஒரு மாதம். ஒன்பது அங்குலச் சுவருக்குப் பொறுமை வேண்டும். சுண்ணாம்பு வேலைக்கு மழை மாதமும் ஆகாது, உறைபனி இரவும் ஆகாது. ஊட்டியில் பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை தோது.

புது வீட்டில் ஓதத்தடுப்பே போடாமல் கட்டியிருந்தால் சுவரில் துளையிட்டு மருந்து செலுத்தும் வேலை உண்டு. ஒரே மாதிரிச் செங்கல் சுவரில் ஓரளவு பிடிக்கும். கருங்கல் சுவரில் நம்பிப் பணம் போடாதீர்கள்.

## மேட்டுப் பக்கச் சுவர் நனைகிறது

மலையை வெட்டித் தட்டாக்கிக் கட்டிய வீட்டில் பின்சுவர்தான் எப்போதும் நோயாளி. மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து ஈரம் ஆரம்பிக்கும். மழை விட்டபின்னும் வாரக்கணக்கில் நிற்கும், மேட்டில் ஊற்று கிளம்பியிருந்தால் தை மாதம்வரைகூட.

### மண்வெட்டியோடு முடியும் வேலை

வீட்டுக்கும் வெட்டிய மேட்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். பல வீடுகளில் அங்கே யாரும் போவதே இல்லை. பழைய விறகு, உடைந்த ஓடு, மேட்டிலிருந்து சரிந்த மண் எல்லாம் வாய்க்காலை மூடி, தண்ணீர் சுவரோடு நின்றுகொண்டிருக்கும். வாரி எடுத்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். நின்றால் சரிவு தவறு. பின்கூரைத் தண்ணீரும் அதே சந்தில் விழுகிறது என்றால் குழாய் வைத்துப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள்.

தடுப்புச் சுவரின் கசிவுத் துளைகளைப் பாருங்கள். மழைக்காலத்தில் துளை வழியே தெளிந்த தண்ணீர் வருவது நல்லது. துளை காய்ந்து, கல் இடுக்கு வழியே கசிந்தால் துளை அடைத்திருக்கிறது. கம்பியால் குத்தி எடுக்கலாம். "அசிங்கமாக வழிகிறது" என்று துளையைச் சிமென்ட் வைத்து அடைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அடைத்தால் தண்ணீரின் முழு அழுத்தமும் சுவர்மேல் விழும்.

### மேல்வீட்டுத் தண்ணீர்

மாசி, பங்குனியிலும் பின்சுவர் காயவில்லையா? மேலே இருக்கும் வீட்டின் தண்ணீர்த் தொட்டி, குழாய், கழிவுநீர்க் குழி, மூன்றையும் சந்தேகியுங்கள். மேல்வீட்டுக்காரரிடம் நயமாகப் பேசி, அவர்கள் கழிவறையில் கலர்ப்பொடியைக் கரைத்து ஊற்றச் சொல்லுங்கள். சில நாளில் உங்கள் வாய்க்காலில் அந்த நிறம் தெரிந்தால் பேச்சுக்கு இடமில்லை. தெரியவில்லை என்றால் அவர்கள் மேல் தப்பில்லை என்று முடிவுகட்டவும் முடியாது, மண் நிறத்தை வடிகட்டிவிடும். நல்ல தண்ணீர்க் குழாய் என்றால் அவர்கள் வால்வை இரண்டு நாள் மூடி, கசிவு குறைகிறதா என்று பார்ப்பதே நேர்வழி.

### மண் நேராகச் சுவரை ஒட்டியிருந்தால்

சந்தே இல்லாமல், சுவர்தான் மண்ணைத் தாங்கி நிற்கிறது என்றால் இரண்டே வழி. மலிவானது: உள்ளே சில அங்குலம் தள்ளி இன்னொரு மெல்லிய சுவர், நடுவே காற்றும், அடியில் தண்ணீர் வெளியேறச் சின்னக் கால்வாயும். ஈரச் சுவர் ஈரமாகவே இருக்கும், நீங்கள் காய்ந்த சுவரைப் பார்ப்பீர்கள். அறை சுருங்கும். வாடகை வீட்டுக்கும் சின்னப் பட்ஜெட்டுக்கும் என் ஓட்டு இதற்குத்தான். பெரியது: வெளியே தோண்டி, சுவருக்கு வெளிப்பக்கம் தண்ணீர்த் தடுப்பு, ஜல்லி, துளையிட்ட குழாய் வைத்து வடிகால். நிரந்தரமானது இதுதான். ஆனால் மேட்டின் அடியைத் தோண்டுவது விளையாட்டு இல்லை. நீலகிரியில் மண் வெட்டவும் ஜேசிபி இறக்கவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் ஒரு கூடை மண் எடுக்காதீர்கள், மழை மாதத்தில் தொடவே தொடாதீர்கள்.

### உடனே வெளியேற வேண்டிய அடையாளம்

தடுப்புச் சுவர் வயிறு தள்ளுவது. தெளிந்து வந்த கசிவு திடீரென்று கலங்கி, சேற்று நிறத்தில் வருவது, அல்லது கனத்த மழையில் சட்டென்று நிற்பது. மேட்டின் மேல் புது வெடிப்பு. மரமோ மின்கம்பமோ சாய்வது. நேற்றுவரை சாத்திய கதவு இன்று சட்டத்தில் மாட்டுவது. இதில் ஒன்று தெரிந்தாலும் வீட்டை விட்டு இறங்கி, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077ல் சொல்லுங்கள். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் நடந்த சரிவுகளில் உயிர்ப்பலி அதிகம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த மாதிரி மழைக்கு முன் வாய்க்கால் சுத்தமாக இருந்தால் ஓதத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் காப்பு.

## தரை வேர்க்கிறது

ஏப்ரல், மே மாதம், கோடை மழைக்குப் பின்னான மதியம். ரெட் ஆக்சைடு தரையும் டைல்ஸும் கழுவிவிட்டது போல் நனையும். இரவெல்லாம் குளிர்ந்த தரையில் வெதுவெதுப்பான ஈரக்காற்று படுகிறது. குளிர்காலத்துக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்தி ஃபேன் போடுங்கள். பாயும் கார்ப்பெட்டும் விரித்து மறைத்தால் அடியில் பூஞ்சணம் வரும். சில நாளில் தானாகப் போய்விடும், செலவு வேண்டாம். வருடம் முழுக்க ஒரே டைல்ஸ் இணைப்பில் ஈரம் என்றால் அது கீழே குழாய், பிளம்பர்.

## பூட்டிக் கிடக்கும் வீடு, பூசண வாடை

உரிமையாளர் கோவையிலோ சென்னையிலோ இருப்பார், வருடத்தில் இரண்டு முறை வருவார். கதவைத் திறந்தால் மூக்கில் அறையும். செருப்பு, பெல்ட், பட்டுப்புடவை, போட்டோ ஆல்பம், கேமரா லென்ஸ், எல்லாவற்றிலும் பூத்திருக்கும்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ சொல்ல வேண்டியது: வெயிலடிக்கும் நாளில் பதினோரு மணிக்கு மேல் ஜன்னல்களைத் திறந்து, பனி ஏறுவதற்கு முன், மூன்றரைக்குள் சாத்துங்கள். தினமும் திறக்க வேண்டும் என்று இல்லை; மழை நாளில் திறந்தால் கெடுதல்தான். பீரோ, கிச்சன் கபோர்டு கதவுகளை லேசாகத் திறந்தே வைக்கலாம். மெத்தையை நிமிர்த்தி வையுங்கள்.

பீரோவுக்குள் குண்டு பல்ப் எரியவிடும் பழைய வழக்கம் வேலை செய்யும். ஆனால் துணி பல்பில் பட்டால் தீப்பிடிக்கும், ஆளில்லாத வீட்டில் வேண்டாம். கால்சியம் குளோரைடு டப்பாக்கள் மூடிய பீரோவுக்குள் உதவும், தண்ணீர் நிறைந்ததும் மாற்ற வேண்டும். திறந்த அறைக்கு அவை யானைப் பசிக்குச் சோளப்பொரி.

திறந்து காயவைத்தும் ஒரே அறையில் மட்டும் வாடை திரும்ப வந்தால், மரச் சீலிங்குக்கு மேலேயோ மரத் தரைக்கு அடியிலேயோ ஏதோ நனைந்து கிடக்கிறது. தரையடிக் காற்றுத் துளைகள் வெளியே செடியாலும் மண்ணாலும் மூடியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

## மரம் மெத்தென்று உள்வாங்குகிறது

ஸ்க்ரூடிரைவரை எடுத்து மரத்தில் குத்துங்கள். ஜன்னல் அடிக்கட்டை, நிலையின் கால், கைமரம் சுவரில் உட்காரும் தலை, இந்த மூன்று இடம் முக்கியம். நுனி கால் அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் உளுத்திருக்கிறது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றால்தான் உளுப்பு தொடரும். ஆகவே தண்ணீரை நிறுத்திக் காயவைப்பது பாதி வைத்தியம். மரத்தின் மேல் மண்ணால் ஆன குழல் கோடுகள் தெரிந்தால் கரையான், அதற்குத் தனி மருந்து.

ஜன்னல், நிலை என்றால் ஆசாரி உளுத்த துண்டை மட்டும் அறுத்துப் புதுக்கட்டை சேர்த்துவிடுவார், முழுதும் மாற்ற வேண்டியதில்லை. கைமரத்தின் தலையோ தரையைத் தாங்கும் விட்டமோ உளுத்திருந்தால் அந்த அறையில் படுக்காதீர்கள். அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு பொறியாளரைக் கூப்பிடுங்கள். புது மரம் ஏற்றும்போது அதன் தலை சுவருக்குள் போகும் இடத்தைச் சுற்றிச் சாந்து வைத்து இறுக்க விடாதீர்கள். அடியில் ஓதத்தடுப்புத் துண்டு ஒன்றைப் போட்டு, பக்கங்களில் விரலிடை காற்று விடச் சொல்லுங்கள். கொத்தனார் பழக்கத்தில் பூசி மூடத்தான் பார்ப்பார், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.